தலையில் வைக்காத பூ

இரண்டு வயது முடிந்த பிறகும் என் தம்பி அம்மாவிடம் பால் குடித்துக்கொண்டிருந்தான். மடியில் சாய்ந்து, கண்ணை மூடி, பச்சைக் குழந்தை மாதிரிக் குடித்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஓடி விளையாடுவான், கோழியை விரட்டுவான், யார் வீட்டுக் குடத்தையோ உருட்டிவிடுவான். நடுவில் திடீரென்று ஞாபகம் வந்தால் திரும்பி ஓடிவந்து, "பாச்சி" என்று ஓர் அதட்டல் போட்டு, நின்றபடியே நாலு வாய் குடித்துவிட்டு, புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் விளையாடப் போய்விடுவான். "ஷிப்டுக்கு நடுவுல டீ குடிக்கப் போறவனாட்ட இருக்குது இவன் பண்றது" என்று அப்பா சிரிப்பார். அம்மாவும் சிரிப்பாள். எனக்கு மட்டும் சிரிப்பே வராது. எனக்கு அப்போது ஒன்பது வயது. என்னை இப்படியெல்லாம் யார் கொஞ்சினார்கள் என்று உள்ளுக்குள் ஒரு கடுப்பு இருந்துகொண்டே இருந்தது.

திருப்பூரில், முதலிபாளையத்துப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் வரிசையாக வீடுகள். ஒவ்வொன்றிலும் ஓர் அறை, ஒரு சமையல் மூலை. வீட்டுக்கு வீடு சுவர் உண்டு, ஆனால் எந்தச் சுவரும் கூரையைத் தொடாது. நடுவில் ஒரு முழம் திறந்து கிடக்கும். காற்றுக்காக விட்டதா, செங்கல்லை மிச்சம் பிடிக்க விட்டதா என்பது வீட்டுக்காரருக்குத்தான் வெளிச்சம். ஒரு வீட்டில் தும்மினால் அடுத்த வீட்டிலிருந்து "நூறு" என்று குரல் வரும்.

அப்பா பனியன் துணி ஓட்டும் நிட்டிங் மிஷினில் ஆபரேட்டர். அம்மா, தம்பி வயிற்றில் வரும்வரை, ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங். தைத்து வரும் பனியன்களை டியூப்லைட் வெளிச்சத்தில் விரித்து, உள்ளும் புறமும் திருப்பி, ஓட்டையும் கறையும் தையல் விட்ட இடமும் கண்டுபிடித்து ஒதுக்குகிற வேலை. அம்மாவின் கண்ணுக்குத் தப்பி ஒரு நூல் பிசிறு போகாது. தம்பி பிறந்த பிறகு அந்தக் கண்ணெல்லாம் எங்கள் மேல்தான். சும்மா இருக்கவும் அவளுக்குப் பிடிக்காது. கட்டுக் கட்டாகப் பனியன் வாங்கிவந்து வீட்டில் உட்கார்ந்தே பிசிறு வெட்டிக் கொடுப்பாள். எங்காவது கறை தெரிந்தால் வெள்ளைத் துணி வேஸ்டில் ஒரு துண்டு எடுத்துத் தேய்தேய் என்று தேய்ப்பாள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பான். பார்த்துக்கொண்டு மட்டுமா இருந்தான் என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஒரு நாள் கம்பெனி சூப்பர்வைசர் அம்மாவுக்கு ஆள் அனுப்பியிருந்தார். செக்கிங்கில் ஓர் இடம் காலியாகிறது, திங்கட்கிழமை வந்து நின்றால் உனக்கு, இல்லாவிட்டால் வேறு ஆளைப் போட்டுவிடுவோம் என்று சேதி. அம்மா அன்றைக்குப் பெட்டிக்கு அடியிலிருந்து பழைய ஐடி கார்டைத் தேடி எடுத்தாள். அதன் நாடாவை மட்டும் கழற்றித் துவைத்து வெயிலில் போட்டாள். காய்வதற்குள் இரண்டு தடவை போய்த் தொட்டுப் பார்த்தாள். அம்மா அப்படி ஒரு சந்தோஷத்தோடு நடமாடி நான் அதுவரை பார்த்ததில்லை.

தம்பியைப் பகலில் பால்வாடியில் விடலாம். ஆனால் பால்வாடி ஆயா கறாராகச் சொல்லிவிட்டது. "பால மறக்கடிச்சுட்டுக் கூட்டியா கண்ணு. பாச்சி பாச்சின்னு இது அழுவுச்சுன்னா அத்தனை புள்ளைகளும் சேந்து அழுவும், என்னால சமாளிக்க முடியாது." ஆக, திங்கட்கிழமைக்குள் தம்பி பாலை மறக்க வேண்டும். மறந்தால் அம்மாவுக்கு வேலை. மறக்காவிட்டால் நாடாவைத் துவைத்ததோடு சரி.

அப்பா உடனே கொமரலிங்கத்தில் இருந்த தன் அக்காவுக்குப் போன் போட்டார். அத்தை அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள். கையில் ஒரு பை நிறைய வேப்பங்கொழுந்து. திருப்பூரில் வேப்ப மரமே கிடையாது என்று யார் சொன்னார்களோ தெரியவில்லை. "மூணு புள்ளைகளுக்கு மறக்கடிச்சவ நானு. இவன் எம்மாத்திரம்?" என்று சொல்லிக்கொண்டே கொழுந்தை அரைத்துப் பச்சை விழுதாக அம்மா கையில் கொடுத்தாள். அம்மா தடவிக்கொண்டு உட்கார்ந்தாள். நாங்கள் எல்லோரும் வேடிக்கை பார்க்கத் தயாரானோம்.

தம்பி வந்தான். "பாச்சி" என்றான். நைட்டியை விலக்கிப் பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான். பச்சையாக இருந்ததை உற்றுப் பார்த்தான். அழப்போகிறான் என்று அத்தை பெருமையோடு எங்களைப் பார்த்தாள். அவனோ திரும்பி நடந்துபோய், மூலையில் இருந்த வேஸ்ட் துணி மூட்டையில் கையை விட்டு, ஒரு வெள்ளைத் துண்டைத் தேர்ந்து எடுத்துவந்தான். தேய்தேய் என்று தேய்த்தான். தலையைச் சாய்த்து வெளிச்சத்தில் ஒரு பார்வை பார்த்தான். ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது, அதையும் துடைத்தான். பிறகு நிதானமாகக் குடித்தான்.

அப்பா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு அக்கா என்னவோ ஏதோ என்று ஓடிவந்துவிட்டாள். "பையன் கறையெடுக்கற செக்‌ஷனுக்கு ரெடியாயிட்டானுங்க" என்று அப்பா அவளிடம் சொல்ல, அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்தாள். அத்தைக்கு மட்டும் முகம் சுண்டிப்போயிற்று.

அடுத்ததாக அம்மாவுக்குப் பிளாஸ்திரி ஒட்டி, "அம்மாவ நாய் கடிச்சிருச்சு சாமி, புண்ணு" என்று சொல்லிப் பார்த்தார்கள். தம்பியின் உதடு பிதுங்கியது. குனிந்து ஊ ஊ என்று ஊதினான். தேங்காயெண்ணெய் பாட்டிலைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்தான். எண்ணெய் தடவி, தட்டிக் கொடுத்து, அம்மாவைச் சமாதானப்படுத்திவிட்டு, இந்தப் பக்கம்தானே புண் என்று அந்தப் பக்கம் குடித்தான். அன்றைக்கு அம்மா சிரிக்கவில்லை. அவன் தலையைத் தடவிக்கொண்டே இருந்தாள். "வேண்டாங்க, விட்றலாங்க. வேலை இன்னொரு நாளைக்கு வராமயா போவுது" என்றாள். அத்தைதான் விடவில்லை. "இன்னொரு நாளைக்கு உனக்கோசரம் ஆரு எடம் புடிச்சு வெச்சிருக்கறா? கண்ணுல படாம இருந்தாத்தான் மறப்பான். ரெண்டு மூணு நாளைக்கு நீ எங்கியாச்சும் போயிரு."

எங்கே போவது? அம்மாவைப் பெற்ற அம்மாயியின் வீடு இருப்பது அவிநாசிபாளையத்தில். அம்மாயிக்குக் கண் ஆபரேஷன் ஆகி மாமா வீட்டில் இருந்தாள், அந்த வீடு பூட்டிக் கிடந்தது. அப்போதுதான் பக்கத்து வீட்டு அக்கா சொன்னாள், "எங்க வீட்ல வந்து இருங்கக்கா. எங்க வீட்டுக்காரவியளுக்கு நைட் ஷிப்டுதான், பகல்ல கம்பெனியிலயே ஒரு ஓரமா தூங்கிக்கிடுவாவ." அக்காவுக்குத் திருநெல்வேலிப் பக்கம். கழுத்தில் சிலுவை போட்ட செயின், வாய் நிறையப் பேச்சு. பிள்ளை இல்லை, தம்பி மேல் உயிர்.

வெள்ளிக்கிழமை தம்பி தூங்கும்போது அம்மா ஒரு பையில் இரண்டு நைட்டியைப் போட்டுக்கொண்டு அடுத்த கதவைத் திறந்து உள்ளே போய்விட்டாள். அவ்வளவு தூரம்தான் பயணம். ஆனால் சுவர்தான் கூரையைத் தொடாதே! அம்மா வாயைத் திறந்தால் போச்சு. அதனால் மூன்று நாளும் அம்மா ஊமை. இருமல் வந்தால்கூடத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வாள். அக்கா டிவியைக் கொஞ்சம் சத்தமாகவே வைத்தாள்.

தம்பி எழுந்தான். தேடினான். கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், துணி மூட்டைக்குள், எல்லா இடமும் பார்த்தான். "அம்மா அம்மாயி ஊட்டுக்குப் போயிருக்கறா சாமி, பஸ்ஸுல வருவா" என்று அத்தை சொன்னதுதான் தப்பாய்ப் போனது. ரோட்டில் பஸ் சத்தம் கேட்கும்போதெல்லாம் வாசலுக்கு ஓடினான். எங்கள் ரோட்டில் பஸ்ஸுக்குப் பஞ்சமா என்ன? பஸ் நிற்காமல் போகும். அவன் அழுவான். அழுது ஓய்வதற்குள் அடுத்த பஸ் வரும். சாயங்காலம் அப்பா அவனை மொபெட்டில் முன்னால் நிறுத்தி, கம்பெனி வீதிகளில் சுற்றிச் சுற்றி ஓட்டித் தூங்கவைத்துத் தோளில் போட்டுக்கொண்டு வருவார். தூக்கத்திலும் அவன் வாய் சப்புக்கொட்டிக்கொண்டே இருக்கும். எனக்கு அவன் மேல் இருந்த கடுப்பெல்லாம் எங்கே போனதென்றே தெரியவில்லை. பாவமாக இருந்தது. பாவம் பார்க்கப் பார்க்கக் கோபமெல்லாம் அம்மா பக்கம் திரும்பியது.

காரணம் இருந்தது. சாப்பாடு கொண்டுபோகிற வேலை எனக்கு. தம்பியை அத்தை பின்பக்கம் தூக்கிப்போனதும் நான் தட்டை மூடி எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குள் நுழைவேன். இங்கே பிள்ளை கத்திக்கொண்டிருக்கிறது. அங்கே அம்மா டிவிக்கு முன்னால் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு கையும் மார்மேல் கட்டியபடி. சோற்றைத் தொடுவதில்லை. சரி, சொந்தக்காரர் வீட்டுக்கு ஒறம்பரை போன மாதிரி ஓய்வெடுக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

சனிக்கிழமை சைகையில் என்னைக் கூப்பிட்டு வேஸ்ட் துணி கொண்டுவரச் சொன்னாள். நான் பார்த்துப் பார்த்து நீலமும் மஞ்சளுமாக நல்ல நிறங்களைப் பொறுக்கிக் கொண்டுபோனேன். வேண்டாம் என்று தலையாட்டி, பல்லைத் தொட்டுக் காட்டினாள். வெள்ளை வேண்டுமாம். வெள்ளையில் ஒரு மடி நிறையக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பொம்மை தைக்கப்போகிறாள், தம்பியை அழவைத்ததற்கு லஞ்சம் என்று முடிவு கட்டினேன். சாயங்காலம் பார்த்தால் அந்தத் துணிகளெல்லாம் அக்கா வீட்டுக் கொடியில் அலசிக் காய்ந்துகொண்டிருந்தன. பொம்மை எதையும் காணோம்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். அப்பா பூ வாங்கிவந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு கவர் நிறைய மல்லிகைப்பூ. கட்டின பூகூட இல்லை, உதிரி. அத்தைதான் வாங்கிவரச் சொல்லியிருந்தாள். "இத உங்கம்மாகிட்டக் குடுத்துட்டு வா அம்மிணி. தம்பி பாக்காம போ" என்று என் கையில் திணித்தாள். பெற்ற பிள்ளை தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருக்கிறான், இவர்களுக்குப் பூ ஒரு கேடா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எனக்கு ஒரு கிள்ளு பூ கொடுக்க வேண்டும் என்றும் யாருக்கும் தோன்றவில்லை. கவரை அம்மா முன்னால் பொத்தென்று போட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் காலையில் அந்த அறை முழுக்க மல்லிகை வாசம். அம்மா தலையைப் பார்த்தேன். வாரிக்கூடப் போடாத தலை. ஒற்றைப் பூ இல்லை. அவ்வளவு பூவும் எங்கே போனது என்று அறையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். கேட்கவும் முடியாது, கேட்டால் சொல்லவும் முடியாது. போய்த்தொலையட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று மத்தியானம்தான் அது நடந்தது. மூன்று பெரியவர்கள் உட்கார்ந்து யோசித்துப் போட்ட திட்டம். அம்மாவின் செருப்பு அக்கா வீட்டு வாசலில் கிடப்பதை ஒருத்தரும் யோசிக்கவில்லை. அத்தை அசந்து கண்ணயர்ந்த நேரம். நான் தட்டோடு அக்கா வீட்டுக்குள் இருந்தேன். வெளியே சின்னக் கால்களின் சத்தம் கேட்டது. ஜன்னல் சந்து வழியாகப் பார்த்தேன். தம்பி செருப்புக்கு முன்னால் குந்தி உட்கார்ந்திருந்தான்.

"அம்மா செப்பு" என்றான்.

பிறகு எழுந்து, செருப்புக்குள் காலை விட்டு நின்றான். கதவைப் பார்த்தான். அழவில்லை, அதட்டவில்லை. "அம்மா?" என்று ஒரே ஒரு தடவை, மெதுவாகக் கேட்டான்.

அம்மா எப்போது எழுந்து வந்தாள் என்று தெரியவில்லை, கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். கை தாழ்ப்பாள் மேல் இருந்தது. அடுப்படியில் இருந்த அக்கா திரும்பிப் பார்த்துவிட்டுக் கிட்டே வந்து கிசுகிசுத்தாள். "தொறந்துருங்கக்கா. சவத்து வேலை, போனா போவட்டு. பிள்ளை மூஞ்சியப் பாக்க முடியல." அம்மா வேண்டாம் என்று தலையாட்டினாள். தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவும் இல்லை, திறக்கவும் இல்லை. தம்பி கொஞ்ச நேரம் நின்றான். பிறகு ஒற்றைச் செருப்பை எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எங்கள் வீட்டுப் பக்கம் போய்விட்டான்.

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். நைட்டியின் முன்பக்கம் முழுக்க ஈரம். நெஞ்சிலிருந்து வயிறுவரை நனைந்து ஒட்டியிருந்தது. நான் பார்ப்பதைப் பார்த்ததும் அம்மா துண்டை இழுத்து மூடிக்கொண்டாள். "தண்ணி குடிச்சனா கண்ணு, சிந்திப்போச்சு" என்று காதோடு சொன்னாள். நான் ஒரு சொட்டுச் சிந்தினால், ஒரு டம்ளரப் புடிக்கத் தெரியுதா உனக்கு என்று என்ன கத்துக் கத்துவாள்! இவ்வளவு பெரிய மனுஷி இப்படிச் சிந்திக்கொள்கிறாளே என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் அம்மா தலைவாரி, சேலை கட்டி, கையில் பையோடு, பஸ்ஸில் இருந்து இறங்கி வருகிறவளைப் போல வீதிக் கோடியிலிருந்து நடந்துவந்தாள். பையில் அப்பா வாங்கிக்கொடுத்த முறுக்குப் பொட்டலம், அம்மாயி கொடுத்துவிட்டதாம். தம்பி ஓடவில்லை. அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டு பார்த்தான். பிறகு உள்ளே போய், கட்டிலுக்கு அடியில் இருந்த அந்த ஒற்றைச் செருப்பை இழுத்துவந்து அம்மா காலடியில் வைத்தான். மடியில் ஏறி உட்கார்ந்தான். கை பழக்கத்தில் அம்மாவின் மாராப்புக்குப் போனது. போன கை அங்கேயே நின்றது. அம்மாவின் முகத்தைப் பார்த்தான். கையை எடுத்துக்கொண்டான். மற்றக் கையில் தான் தின்றுகொண்டிருந்த பிஸ்கட்டின் மிச்சத்தை அம்மா வாயில் வைத்தான்.

"அட, மறந்தே போயிட்டான் பாரேன்! நாந்தான் சொன்னனில்ல" என்று அத்தை கைதட்டினாள். அப்பா பரோட்டா வாங்கிவரக் கிளம்பினார். அம்மா அந்தப் பிஸ்கட்டை வாயில் வைத்தபடியே குலுங்கிக் குலுங்கி அழுதாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நினைத்தது நடந்துவிட்டது, நாளைக்கு வேலை, இன்றைக்குப் பரோட்டா. இதில் அழுவதற்கு என்ன இருக்கிறது? பிஸ்கட்டு எச்சிலில் ஊறி நசநசவென்று இருந்திருக்கும் என்று எனக்குள் ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, பரோட்டாவுக்குக் காத்திருந்தேன். திங்கட்கிழமை காலையில் அம்மா வெளுத்த நாடாவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு கம்பெனிக்குப் போனாள்.

அந்தத் தம்பி இப்போது மீசை வைத்துக்கொண்டு திரிகிறான். பால் டீ ஒத்துக்கொள்ளவில்லை என்று கடுங்காப்பிதான் குடிக்கிறான். அவனிடம் இந்தக் கதையைச் சொன்னால் எழுந்து போய்விடுகிறான்.

என் மகள் பேச ஆரம்பித்துவிட்டாள். நான் ஒரு கம்பெனியில் மெர்ச்சண்டைசிங் பார்க்கிறேன். போன மாதம், பால் கொடுத்தது போதும் என்று முடிவு செய்து அம்மாவை வரச் சொன்னேன். அம்மா கையில் ஒரு கவரோடு வந்தாள். திறந்தால் உதிரி மல்லிகை, கூடவே துவைத்து மடித்த வெள்ளைப் பனியன் துணி.

"எதுக்கும்மா இத்தனை பூவு? தலைக்குன்னா கட்டுன பூவா வாங்கியிருக்கலாமில்ல?"

"தலைக்கில்ல அம்மிணி. மாருல வெச்சு இந்தத் துணியப் போட்டு இறுக்கிக் கட்டிக்க. பாலு கட்டிக்கிட்டுக் கல்லாட்ட ஆயிரும், வலி உசுரு போவும். பூ வெச்சா வத்தும்பாங்க. உங்கத்தைதான் எனக்குச் சொல்லிக்குடுத்தா."

நான் அந்தப் பூவைப் பார்த்துக்கொண்டே நின்றேன். "உங்களுக்கு ரொம்ப வலிச்சுதுங்களாம்மா?" என்று கேட்டேன்.

"வலி கெடக்குது. அவன் செருப்பத் தூக்கிட்டுப் போனானே, அதத்தான் தாங்க முடியல" என்று சொல்லிவிட்டு, அம்மா என் மகளைத் தூக்கிக்கொண்டு வெளியே போனாள். கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரத்தில் வாசலில் மகளின் குரல் கேட்டது, "அம்மா" என்று. அவ்வளவுதான். என் சட்டையின் முன்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. உள்ளே இருந்து வந்த என் வீட்டுக்காரர், என்ன இது என்று பதறினார். தண்ணி குடிச்சேன், சிந்திப்போச்சு என்று நான் சொன்னேன்.

அன்றைக்கு அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நின்ற அம்மாவின் ஒரு கை தாழ்ப்பாளில் இருந்தது. இன்னொரு கை சும்மாதான் தொங்கிக்கொண்டிருந்தது. அதில் டம்ளர் இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.